எடுத்து முடித்த 120 ரோல்: நேரே லேபுக்கா, அலமாரிக்கா, குளிர்பதனப் பெட்டிக்கா?

35 மி.மீ. பிலிமில் பழகியவர் அதைவிடப் பெரிய பிலிமில் எடுக்கும் மீடியம் ஃபார்மட்டுக்கு மாறும்போது கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் நிறைய விசாரிக்கிறார். படம் எடுத்து முடித்த ரோலை என்ன செய்வது என்று கேட்பவர் குறைவு. 35 மி.மீ. ரோலுக்கு உலோக டப்பாவும், அதன் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கும் துணியும் உண்டு. படங்கள் முடிந்ததும் பிலிம் அந்த டப்பாவுக்குள்ளேயே திரும்பிவிடும். மீடியம் ஃபார்மட் கேமராக்களில் போடும், 1901இல் கோடக் அறிமுகப்படுத்திய 120 ரோலுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஒரு ஸ்பூலிலிருந்து (சுருள் உருளையிலிருந்து) கிளம்பும் பிலிம் மறு ஸ்பூலில் சுற்றிக்கொள்கிறது. அதன் முதுகோடு ஒட்டி வரும் தாள்தான் வெளிச்சத்தைத் தடுக்கும் ஒரே கவசம். ஆகவே எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன், எப்படி மூடுவது என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மூடுவதற்குத் தாளின் முனையிலுள்ள பசைப்பட்டையே சிறந்தது. கோடக் ரோலில் அதை ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். ஃபியூஜி ரோலில் மேல்தாளை உரித்து ஒட்டினால் போதும். முனையைச் சற்று உள்பக்கம் மடித்துவிட்டு ஒட்டினால், பிறகு இருட்டில் பிரிப்பவருக்கு எளிதாக இருக்கும். பலர் ரப்பர் பேண்டை நாடுகிறார்கள். அது நடுப்பகுதியை இறுக்கி ஓரங்களை விட்டுவிடும், வெயில் நாட்களில் இற்றும் போகும். பசை பிடிக்காத ரோலுக்குக் காகித டேப் அதைவிட மேல். சுற்று தளர்ந்திருப்பதாகத் தெரிந்தால் முனையைப் பிடித்து இழுத்து இறுக்க வேண்டாம். அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிப் பிலிமில் கீறல் விழும். அத்தகைய ரோலை நிழலில் வைத்தே எடுத்து, உடனே அலுமினியத் தாளில் சுற்றிவிடுவதே நல்லது, ஏனெனில் வெளிச்சம் முதலில் நுழைவது சுற்றின் இரு ஓரங்கள் வழியாகத்தான்.

இனி மூன்று வழிகளுக்கு வருவோம். முடித்த ரோலை அந்த வாரத்திலேயே, பிலிமை டெவலப் செய்து தரும் லேபுக்குக் கொடுப்பது முதல் வழி. பிலிமில் பதிந்த, இன்னும் கண்ணுக்குத் தெரியாத பிம்பம் நாள்பட மெல்ல மங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். கலர் பிலிமில் நிறங்களைப் பதியும் மூன்று அடுக்குகளும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பதால் நிறமும் சாயக்கூடும். கறுப்பு வெள்ளை பிலிம்கள் பொதுவாகத் தாக்குப்பிடிப்பவை. ஆனால் இல்ஃபோர்டின் பான் எஃப் பிளஸ் விதிவிலக்கு, அதை 3 மாதங்களுக்குள் டெவலப் செய்துவிடுமாறு அந்நிறுவனமே அறிவுறுத்துகிறது. உடனே கொடுப்பதில் புதியவருக்கு வேறொரு லாபமும் உண்டு: எக்ஸ்போஷரை எப்படிக் கணித்தோம் என்பது நினைவில் இருக்கும்போதே நெகட்டிவ் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு ரோலுக்கும் தனித்தனியாகக் கூரியர் செலவு ஆகும் என்பதே இதன் குறை; அருகில் லேப் இல்லாத ஊர்களில் அது சிறிய தொகையும் இல்லை.

எனவே நான்கைந்து ரோல்கள் சேரட்டும் என்று அலமாரியில் வைப்பது இரண்டாம் வழி. குளிர்ந்த, வறண்ட அறையில் இரண்டு மூன்று வாரம் வைப்பதில் தவறில்லை. சென்னையைப் போன்ற கடலோர ஊரில், மே மாத வெப்பத்தில், மூடிய காருக்குள்ளோ மாடி அறையிலோ கேமராப் பையோடு கிடப்பது வேறு கதை. 120 ரோலில் பிலிமின் ஜெலட்டின் பரப்பின் மேல் எண்கள் அச்சிட்ட தாள் நெருங்கிச் சுற்றியிருக்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்த எண்களின் தடம் படத்தில் பதியக்கூடும். கோடக் அலாரிஸ் தன் 120 பிலிம்களில் சில தொகுதிகளுக்கு இந்தச் சிக்கல் இருந்ததை 2016இல் ஒப்புக்கொண்டது. 35 மி.மீ. பிலிமுக்குப் பின்தாளே இல்லாததால் அதற்கு இந்தக் கவலையும் இல்லை.

குளிர்பதனப் பெட்டியை மூன்றாவதாக வைப்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். குளிர் பிம்பத்தைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு இறந்த ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரே குழுவினரின் பிலிம்கள், 1930இல் ஓர் ஆர்க்டிக் தீவில் கண்டெடுக்கப்பட்டு ஸ்டாக்ஹோமில் டெவலப் செய்யப்பட்டபோது பல படங்கள் தெளிவாகவே வந்தன. ஆனால் உறை பிரிக்காத புது ரோலும் கேமராவில் போட்டு எடுத்த ரோலும் ஒன்றல்ல. பின்னது காற்றின் ஈரத்தை ஏற்கெனவே உறிஞ்சியிருக்கும். அதை அப்படியே காற்றுப் புகாத பையில் அடைத்துக் குளிரில் வைத்தால் ஈரமும் உள்ளேயே சிறைப்படும். அதனால் முதலில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு டப்பாவில் ஓரிரு நாள் உலரவிட்டு, பிறகு ஜிப் பையில் இட்டுக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது பையைத் திறக்காமல் சில மணி நேரம் அறையிலேயே விட்டுவிட்டால் பிலிமின் மேல் நீர் கோக்காது. இவ்வளவு பொறுமை இல்லாதவர், என் கணிப்பில், அலமாரியோடு நிறுத்திக்கொள்வதே மேல். ஃப்ரீசர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்களுக்கு உரியது. புதியவருக்கு அதற்கான தேவை அரிது.

ஆக, லேப் எட்டும் தூரத்தில் இருந்தால் முதல் வழி. ஒரு மாதத்துக்குள் அனுப்புவது உறுதியானால் அலமாரி. அதற்கும் மேல் தாமதம் ஆகுமானால் மட்டும் குளிர்பதனப் பெட்டி. எந்த வழியானாலும் முடித்த ரோலின் மேல் தேதியையும் பிலிமை எந்த ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்திறன் அளவில்) எடுத்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும், ஏனெனில் 400 ஐஎஸ்ஓ பிலிமை 1600 எனக் கொண்டு எடுத்த ரோலை லேப் தானாகக் கண்டுபிடிக்க வழியில்லை. ரோல்களோடு விமானம் ஏறுபவர்கள் அவற்றை விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்துச் சென்று, பிலிமைக் கெடுக்கக்கூடிய சிடி (எக்ஸ்ரே) ஸ்கேனர் உள்ள நிலையங்களில் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.