2000 வாட் ஸ்டிக்கர், அடியில 1000: கோ-கார்ட்டுக்கு மோட்டார் வாங்கப் போறவங்க பாத்துட்டுப் போங்க

14,500 ரூபாய் போச்சு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எலக்ட்ரிக் கோ-கார்ட் (கூரை இல்லாத சின்ன பந்தய வண்டி) செய்றதுக்கு மோட்டார் தேடிட்டு இருக்கிற பிள்ளைங்க பணத்தை நீட்டும் முன்னாடி இதைப் படிங்க. மோட்டார் எப்படிப் பாத்து எடுக்கணும்னு கடைசியில சொல்றேன்.

கடைப் பேரு வேண்டாம். பேட்டரி வண்டிச் சாமான் விக்கிற கடை, அவ்வளவு போதும். கேட்டது 48 வோல்ட், 2000 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி) மோட்டார், அதுக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலரும் பெடலும் சேர்த்து. மோட்டார் மேல பளபளன்னு 2000 வாட் ஸ்டிக்கர். கடைக்காரர் அதை மேசையில வச்சு நாலு பேட்டரியில இணைச்சு ஓட்டிக் காட்டினார். விர்ருன்னு சுத்துச்சு. "சத்தத்தக் கேட்டியா மக்கா, மலையே ஏறும், கண்ண மூடிட்டுக் கொண்டு போ." 15,000 சொன்னவர், நமக்குள்ள என்னன்னு 500 குறைச்சார். ஆள் நம்புறது அந்த இடத்துலதான். ஆனா லோடு இல்லாம மேசையில ஓட்டினா 250 வாட் மோட்டாரும் அப்படித்தான் விர்ருன்னு சுத்தும். இது அந்தத் தொழில்ல இருக்கிறவருக்குத் தெரியாதா? பில்லு கேட்டதுக்குத் துண்டுச் சீட்டு: "மோட்டார் செட் 1, 14,500". வாட் எங்கேயும் எழுதல.

கணக்கைப் பாருங்க. கார்ட் 80 கிலோ, ஓட்டுறவர் 70, மொத்தம் 150. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுற சரிவு ரப்பர் தோட்டத்துப் பாதையில சாதாரணம். அதை ஏற 147 நியூட்டன் (தள்ளுற விசையோட அளவு), டயர் உருளுற தடைக்கு ஒரு 30, ஆக 180 பக்கம் வேணும். 3000 ஆர்பிஎம்-ல (நிமிஷத்துக்கு 3000 சுத்து) 2000 வாட்னா மோட்டார் ஷாஃப்ட்ல 6.4 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது திருப்பு விசை. செயின் மாட்டுற ஸ்ப்ராக்கெட் (பல்சக்கரம்) மோட்டார்ல 10 பல், பின் சக்கர அச்சான ஆக்சில்ல 60 பல், 11 இன்ச் டயர்னு போட்டா 270 நியூட்டன் வரும், தாராளம். அதை நம்பித்தான் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் பிராக்கெட்டும் செஞ்சது.

கிடைச்சது அதுல சரிபாதி, 136. சரிவுல வேகம் செத்துப் போச்சு. கன்ட்ரோலர் தன்னால ஆனமட்டும் தள்ளுச்சு. வேகம் குறையக் குறைய, பேட்டரி தர்ற கரண்டைவிட அதிக ஆம்பியர் மோட்டார் ஒயர்ல ஓடும். மோட்டாருக்குள்ள வைண்டிங் (செம்புக் கம்பிச் சுருள்) வார்னிஷ் கருகி ஒரே நாத்தம். சூட்டுல ஸ்டிக்கர் சுருண்டு, அடியில இருந்த பழைய லேபிள் தெரிஞ்சுது: 48 வோல்ட், 1000 வாட், 3000 ஆர்பிஎம். 1000னு உண்மையைச் சொல்லியிருந்தா ஆக்சில்ல 80 பல் போட்டிருக்கலாம். வேகம் 26 கிலோமீட்டர்ல இருந்து 20க்கு இறங்கும், ஆனா அதே சரிவை முக்கி முனகியாவது ஏறியிருக்கும்.

கடைக்காரர்கிட்ட கேட்டா, முதல்ல பேட்டரி வீக்குன்னார். லோடுல அளந்தா 47 வோல்ட் நிக்குது. அப்புறம் செயின் இறுக்கம்னார். அப்புறம் உப்புக்காத்து ஏறியிருக்கும்னார். ரப்பர் தோட்டத்துல எங்கய்யா உப்புக்காத்து? லேபிள் போட்டோ போனதும் "கம்பெனியில இருந்தே அப்படித்தான் வந்துச்சு"ன்னு ஒரு பதில், அதோட போன் எடுக்கிறது நின்னுச்சு. நேர்ல போனா, "எரிஞ்ச மோட்டாருக்கு வாரண்டி கிடையாது மக்கா, வேணும்னா புதுசு ஒண்ணு குறைச்சுத் தாறேன்." 14,500 வாங்கின வாய் பேசுற பேச்சு!

மோட்டார் எப்படிப் பாத்து எடுக்கணும்னு விரிவா எழுத இப்போ மனசு இல்ல, சுருக்கமா சொல்றேன். கன்ட்ரோலர் லேபிளைப் பாருங்க. எனக்குக் கிடைச்சதுல 30 ஆம்பியர். 48ஆல பெருக்கினா 1440 வாட், அதுவும் பேட்டரியில இருந்து இழுக்கிறது. ஷாஃப்ட்டுக்கு 1200 வந்தாலே அதிகம். 2000 நிஜமாவே வேணும்னா 50 ஆம்பியராவது இருக்கணும். வாட் மட்டும் போட்டு ஆம்பியரும் ஆர்பிஎம்மும் இல்லாத மோட்டாரைத் தொடாதீங்க. ஸ்டிக்கரை நகத்தால சுரண்டிப் பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். பழைய மோட்டார்னா, மூணு தடிச்ச ஒயரும் ஒண்ணையொண்ணு தொடாம இருக்கையில ஷாஃப்ட் லேசா சுத்தணும், ரெண்டைச் சேர்த்தா இறுகணும்; சேர்க்காமலே இறுகினா வைண்டிங் ஷார்ட் ஆகியிருக்கலாம். பில்லுல வோல்ட், வாட், ஆர்பிஎம் மூணும் எழுதி வாங்குங்க. நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிவு பண்ணியாச்சு. துண்டுச் சீட்டுல வாட் இல்லாததுதான் இப்போ இழுக்குது.