பிஎஸ்ஏ பி31இல் பிரைமரி பெல்ட்: ஒயில் போனது, புழுதி வந்தது

"அண்ணை, பெல்ட் கிட் விலை இறங்கியிருக்கு. என்ர பி31க்குப் போடலாமோ?" என்று வவுனியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். எஞ்சினிலிருந்து கிளச்சுக்கு விசை கொண்டுபோகும் பிரைமரி செயினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல்லுப் பெல்ட் போடும் கிட் அது. கேட்ட நேரம் சரியில்லை. ஓரம் பிய்ந்த பெல்ட்டைக் கழற்றி, புதிதை மாட்டி, எத்தனை தரம் சோப் போட்டும் நகக்கண்ணில் கறுப்புப் போகாமல் இருந்த கிழமை அது. அதனால் கீழே எழுதுவதில் கொஞ்சம் சூடு இருக்கும்.

பி31 பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள், 348 சிசி, ஒற்றைச் சிலிண்டர், எஞ்சின் வேறு, கியர்பொக்ஸ் வேறு. என்னுடையதில் பின் மட்காட்டை வெட்டி, ஒற்றை சீட் வைத்து, ஹேண்டிலை மாற்றியிருக்கிறேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதவர்களில் நானும் ஒருவன். பழைய பிரைமரி செயின் ஒயில் பெட்டிக்குள் ஓடியது. பெட்டிக்கு எந்தப் பக்கிங் போட்டாலும் நின்ற இடத்தில் ஒரு ஒயில் வட்டம் விழும். அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்து வந்த வெறுப்புத்தான் பெல்ட்டில் கொண்டுபோய் விட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒயிலில் ஊறிய கிளச் பிளேட்டுகள் இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலையில் கிளச்சைப் பிடித்தபடி ரெண்டு மூன்று தரம் கிக்கரை மிதித்து அவற்றைப் பிரித்துவிட வேண்டும். மறந்துபோய் ஸ்டார்ட் பண்ணி முதல் கியரைப் போட்டால் பைக் பாய்ந்து படலைக்குள் போய் நிற்கும். பெல்ட் போட்டபின் பிளேட்டுகள் காய்ந்தபடியே இருப்பதால் அந்தத் தொல்லை அடியோடு போய்விட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம் நியூட்ரல். முந்தி எஞ்சின் சூடேறினால், கிளிநொச்சிச் சந்தியில் நின்றபடி காலால் மேலும் கீழும் தட்டித் தட்டி நியூட்ரலைத் தேடுவேன். இப்போது பெருவிரல் நுனியால் தொட்டால் விழுகிறது. இந்த ஒன்றுக்காகவே போடலாம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, இனிக் குறை. பெரிய குறை ஒன்றுதான், ஆனால் அது தினமும் கூட வருகிறது.

பெல்ட்டுக்கு ஒயில் ஆகாது, சூடும் ஆகாது. அதனால் பெட்டியின் மூடியில் காற்று வர ஓட்டை வேண்டும். இங்கிலாந்தில் செய்த கிட், மழைக்கும் குளிருக்கும் பழகியவர்கள் யோசித்தது. ஏ9 காப்பெட் வீதியில் அது அருமையாக ஓடும். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் போகும்வரையும் சரி. அங்கிருந்து குளத்துப் பக்கமோ வயல் பக்கமோ கிரவல் வீதியில் இறங்கி, முன்னால் ஒரு மணல் டிப்பர் போகட்டும் பார்ப்போம். அந்தச் செம்புழுதி முழுக்க ஓட்டையால் உள்ளே போகும். மூடியைத் திறந்தால் பெல்ட்டிலிருந்து உதிர்ந்த கறுப்புத் தூளும் செம்மண்ணும் சேர்ந்து ஒரு மண்ணிறப் பொடி. விரலுக்கிடையில் தேய்த்தால் நறநறக்கும். அந்தப் பொடிதான் பெல்ட் ஓடும் அலுமினியப் பல்லுச் சில்லைத் தின்கிறது. பற்களின் மேல் கெட்டியாக ஏற்றியிருந்த சாம்பல் பூச்சு, நுனிகளில் தேய்ந்து வெள்ளி நிறம் தெரியத் தொடங்கிவிட்டது. பூச்சுப் போனால் பிறகு அலுமினியம் தாங்காது.

காலபோக அறுவடை முடிந்து வீதியோரம் நெல் காயப்போட்டிருந்த நாட்களில் ஒருநாள் திறந்தபோது, பல் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், அரிசிமா! வீட்டில் இடியப்பத்துக்கு ஆகுமா என்று கேட்டார்கள்.

ஓட்டைக்குக் கொசுவலை வைத்தேன். கொஞ்ச நாளில் புழுதி அடைத்துக்கொண்டது. ஓட்டையை அடைத்தே வைத்தால் சூடு ஏறுகிறது. சூடேறினால் சில்லுகள் விரியும், பெல்ட் இறுகும், ஒரு இரைச்சல் எழும்பும். அந்த இரைச்சலோடு ஓடினால் எஞ்சின் தண்டின் பெயரிங்கும் கியர்பொக்ஸ் பெயரிங்கும் அடி வாங்கும். அதனால் பெல்ட்டைக் குளிரில் தொய்வாகவே வைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பிழைபோலத் தெரியும். என்னிடம் வரும் ஒவ்வொரு மெக்கானிக்கும் முதலில் கை வைப்பது அங்கேதான். யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிளை ஓட்டிக் காட்டிய ஊர் இது. இவர்களுக்குத் தெரியாததா என்று வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை. "இறுக்காதேங்கோ அண்ணை" என்று பக்கத்திலேயே நிற்கிறேன். தொய்வைச் சரிசெய்ய கியர்பொக்ஸை நகர்த்த வேண்டும். பின்னால் நகர்த்தினால் பெல்ட் இறுகும், பின் செயின் தொய்யும். ஆக ஒரு வேலை ரெண்டு வேலை.

இப்போது ரெண்டு மூடி வைத்திருக்கிறேன், ஓட்டையுள்ளது ஒன்று, அடைத்தது ஒன்று. வீட்டை விட்டு வெளிக்கிடும்போது எந்த வீதியால் போகிறேன் என்று முடிவெடுத்து மூடியைப் பூட்ட வேண்டும். வன்னியில் எந்த மனிதன் அப்படி முடிவெடுத்துப் போகிறான்? பாதி வழியில் ஒருவர் மறித்து "உள்ளுக்கை ஒருக்கா வந்திட்டுப் போ" என்றால் முடிந்தது கதை.

ஒயில் கணக்கும் உண்டு. பைக்கைக் கிழமைக்கணக்கில் ஓடாமல் விட்டால் டாங்க் ஒயில் பம்பைத் தாண்டி மெல்ல எஞ்சின் அடியில் இறங்கும், அங்கிருந்து சீல் வழியே பெல்ட் பக்கம் எட்டிப் பார்க்கும். செயினாக இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். காய்ந்த கிளச்சுக்கு அது விஷம். சீலை மாற்றாமல் பெல்ட்டைத் தொடவே வேண்டாம். இன்னொன்று, எஞ்சின் தண்டிலிருந்த ஸ்பிரிங் அதிர்வுதாங்கி என்னுடைய கிட்டில் இல்லை. டொப் கியரில் மெதுவாகப் போனால் பைக் உதறுகிறது. அது பழகிவிட்டது.

பெல்ட்டை நல்ல பொருள் இல்லை என்று சொன்னால் அது அநியாயம். கிளச் பூப்போல, கொட்டிலில் ஒயில் வட்டம் இல்லை, நியூட்ரல் கேட்டவுடன் வருகிறது. ஆனாலும் தம்பி, என் பதில் போட வேண்டாம் என்பதுதான். உம்முடைய வீட்டு வாசலில் இன்னும் கிரவல். செயின் அறுந்தால் யாழ்ப்பாணத்தில் தேடி எடுக்கலாம். பெல்ட் போனால் பார்சல் வரும்வரை பைக்கைத் துடைத்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்தக் காசுக்கு நல்ல செயினும் புது கிளச் பிளேட்டுகளும் போடும். பெட்டி ஒழுகினால் கீழே ஒரு தட்டு வையும்.

என்னுடைய பழைய செயின், ஸ்ப்ரொக்கெட், ஒயில் பெட்டி எல்லாம் கழுவிச் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. எனக்கு இனித் தேவைப்படாது. இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போம்.