தராசா, நாடாவா? முதியோர் இல்லத்தில் மந்தபோசணையைக் கண்டுபிடிக்க

ஹட்டன் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றுக்கு மாதம் ஒருமுறை நிறை பார்க்கப் போகிறேன். அங்கே பலர் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியே வயதானவர்கள். மந்தபோசணையைக் கண்டுபிடிக்க என் கையில் இரண்டு படிவங்கள் உண்டு: பிரித்தானியாவில் 2003இல் வந்த ‘மஸ்ட்’, முதியோருக்கென்றே உருவான ‘எம்.என்.ஏ.’வின் சுருக்க வடிவம்.

மஸ்ட் சீக்கிரம் முடியும். உடற்திணிவுச் சுட்டெண் (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று பார்க்கும் கணக்கு), கடந்த 3 முதல் 6 மாதத்தில் நிறை எத்தனை வீதம் குறைந்தது, நோயால் 5 நாளுக்கு மேல் சாப்பாடே இறங்காத நிலையா, இவ்வளவுதான். 2 புள்ளி வந்தாலே ஆபத்து அதிகம். ஆனால் கூன் விழுந்த அம்மாயியைச் சுவரோடு நிறுத்தி அளந்தால் உயரம் குறைவாக வரும், சுட்டெண் கூடிவிடும். மெலிந்தவர் நல்லாயிருப்பதாகத் தாள் சொல்லும். முன்கை எலும்பை அளந்து உயரத்தைக் கணிக்க மஸ்ட்டிலேயே வழி இருக்கிறது, சரி. பழைய நிறைக்கு எங்கே போவது? தோட்டத்து லயத்திலிருந்து வருபவர்கள் அந்தக் குறிப்பைக் கொண்டுவருவது அபூர்வம்.

எம்.என்.ஏ.வில் 6 கேள்வி, 14 புள்ளி. நிறை குறைந்ததா என்பதற்குத் ‘தெரியாது’ என்றே பதில் போடலாம். எழுந்து நிற்க முடியாதவருக்குச் சுட்டெண்ணுக்குப் பதிலாகக் கெண்டைக்கால் சுற்றளவு: 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 0, இல்லாவிட்டால் 3. ஒரு அளவு நாடா போதும். கால் வீங்கியிருந்தால் மட்டும் அந்த அளவை நம்பாதீர்கள். மொத்தம் 8 முதல் 11 என்றால் ஆபத்து, 7 அல்லது அதற்குக் கீழே மந்தபோசணை. ஒரு குறை உண்டு. நடமாட்டத்துக்கும் மனநிலைக்கும் இதில் புள்ளி உண்டு; படுக்கையோடு இருப்பவருக்குக் கடும் மறதிநோயும் இருந்தால் அவை கிடைக்காது, நன்றாகச் சாப்பிட்டாலும் 10ஐத் தாண்டமாட்டார். வீணாக ஒருவரைக் கவனிப்பது ஒருவரைத் தவறவிடுவதைவிட மேல். நான் இதையே எடுக்கிறேன்.

இரண்டு படிவமும் தட்டில் என்ன மிஞ்சியது என்று சொல்லாது. “நேற்று என்ன சாப்பிட்டீங்க அம்மாயி?” என்றால், “எல்லாம் சாப்பிட்டேன் மிஸ்” என்பார்கள். பாதிப் பேருக்கு நினைவில்லை, மீதிப் பேருக்குக் குறை சொல்ல மனமில்லை. தட்டைப் பார்த்தால், தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி போயிருக்கும், பருப்பும் முட்டையும் அப்படியே இருக்கும். 45 கிலோ உள்ளவருக்கு நாளுக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதே சுமார் 6 கிராம், அதையும் விட்டால் என்ன மிஞ்சும்?

மிஞ்சிய சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் துல்லியம், ஆனால் இரண்டு பேர் மட்டும் நிற்கும் குசினியில் அது நடக்காது. முழுசு, முக்கால், அரை, கால், தொடவில்லை என்று ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியாக 3 நாள் குறித்தாலே போதும். எழுத வேண்டியவர் தட்டெடுக்கும் அக்காதான், அதுவும் தட்டைக் கழுவப் போடுவதற்கு முன்னால்.