குதிரைக்கும் உருட்டச் சொல்லும் ரூல்புக்: பெண்டிராகன், ஆர்ஸ் மாஜிகா, மித்ராஸ்

பெண்டிராகன் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். அதை ஆட ஆரம்பித்த முதல் மாதமே என் நைட்டின் (குதிரை வீரனின்) குதிரை செத்துப்போனது. போரில் ஈட்டி பாய்ந்து சாகவில்லை. சாகசமெல்லாம் முடிந்து வீடு திரும்பியாயிற்று, கதைக்குள் குளிர்காலம், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே “குதிரைக்கு ஒருதடவை உருட்டு” என்றார், உருட்டினேன், அவ்வளவுதான். இதற்கெல்லாமா ஒரு ரூல் எழுதுவார்கள் என்று எரிச்சலாக இருந்தது. நாலைந்து செஷன் போன பிறகுதான் அந்தப் புத்தகத்தின் உயிரே குளிர்காலப் பக்கங்களில் இருப்பது புரிந்தது.

வரலாறும் மாயமும் கலந்த டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டால் இந்த மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றையும் மாற்றி மாற்றி ஆடியிருக்கிறேன். எத்தனை பக்கம், எந்தப் பகடை, படங்கள் எப்படி என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஒரு ரூல்புக்கைக் கையில் எடுத்தால் அது காலத்தை எதைக் கொண்டு அளக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பெண்டிராகன் வருடக் கணக்கு. ஆர்ஸ் மாஜிகா பருவக் கணக்கு, அதாவது வருடத்துக்கு நாலு. மித்ராஸ் ஐந்து விநாடிக் கணக்கு. இந்த மூன்று கணக்கும் மூன்று விதமான மனிதர்களை உண்டாக்குகின்றன.

இவற்றுக்குள் கொஞ்சம் சொந்தபந்தமும் உண்டு. கேயாசியம் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த ரூன்குவெஸ்ட்தான் பாட்டி. உன் திறமை 60 என்றால் நூறுக்கு உருட்டி 60 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும், அந்த வழி. அதே நிறுவனத்தைத் தொடங்கிய கிரெக் ஸ்டாஃபோர்ட் அதை 20 பக்கப் பகடைக்குச் சுருக்கி 1985இல் பெண்டிராகனை எழுதினார். ரூன்குவெஸ்டின் ஆறாம் பதிப்பு 2012இல் வேறு ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து வந்தது, பிறகு அந்தப் பெயர் கையைவிட்டுப் போனதும் 2016இல் ஏறக்குறைய அதே விதிகள் மித்ராஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டன. ஆர்ஸ் மாஜிகா, 1987, இந்தக் குடும்பம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆனால் இந்த வீட்டு விசேஷங்களில் எல்லாம் தவறாமல் இருப்பான்.

பெண்டிராகனில் எல்லாரும் பிரிட்டன் பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னர் காலத்து நைட்கள்தான். திருடன், மந்திரவாதி என்று கேட்டால் கிடையாது (1993இல் வந்த நாலாம் பதிப்பு மந்திரவாதிகளை உள்ளே விட்டுப் பார்த்தது, அடுத்த பதிப்பு மறுபடி கதவைச் சாத்திவிட்டது, நல்ல வேலை). ஒரு வருடத்துக்கு ஒரு சாகசம். அது முடிந்தால் குளிர்காலம்: நிலத்தில் விளைந்ததா, மனைவிக்குக் குழந்தை பிறந்ததா, பிறந்தது பிழைத்ததா, குதிரை இருக்கிறதா, 35 வயது தாண்டியிருந்தால் உடம்பில் எது தளர்ந்தது. எல்லாம் பகடை. பெரிய கேம்பெயின் (நீண்ட தொடர்கதை) புத்தகம் 485இல் தொடங்கி சுமார் 80 வருடத்தை வருடம் வருடமாகச் சொல்லிப் போகிறது, ஒரே நைட்டை வைத்துக்கொண்டு அதை முடிக்கவே முடியாது. மகனை ஆட வேண்டும், பிறகு பேரனை. அதனால் கல்யாணப் பேச்சு என்பது இந்த ஆட்டத்தில் டிராகன் வேட்டைக்குச் சமமான விஷயம், எங்கள் மேஜையில் வரதட்சணையாக வரும் நிலத்தைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறோம்.

குணங்கள் இன்னொரு அதிசயம். இரக்கம்-கொடூரம், நேர்மை-வஞ்சகம், அடக்கம்-செருக்கு, இப்படி 13 ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. இரக்கம் 14 என்றால் கொடூரம் 6தான். ஒரு குணம் 16ஐத் தொட்டால் ஊரே உன்னை அதற்காகப் பேசும், ஆனால் அதே குணம் உன்னை இழுத்துக்கொண்டும் போகும். என் நைட்டுக்குப் பழிவாங்கும் குணம் 16. அண்ணனைக் கொன்றவன் எங்கள் வீட்டுக்கே விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறான், விருந்தோம்பல் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம், நான் பேசாமல் இரு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பகடை கத்தியை எடுக்கச் சொன்னது. சிலருக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. “என் கேரக்டரை நான்தானே ஆட வேண்டும்” என்பார்கள். நியாயம்தான். ஆனால் நிதானமாக யோசிக்கும் நம் தலையை அந்தக் காலத்து ஆளின் உடம்பில் மாட்டிவிட்டு வரலாறு என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்க இதைவிட நல்ல வழியை நான் எந்த ரூல்புக்கிலும் பார்க்கவில்லை.

வரலாற்றுச் சுத்தம் பார்ப்பவர்களுக்குக் குறையும் உண்டு. அந்த 80 வருடத்துக்குள் சங்கிலிக் கவசத்தில் ஆரம்பித்து முழுத் தகட்டுக் கவசம் வரை வந்துவிடும், ஏறக்குறைய பத்து நூற்றாண்டு ஆயுதங்களை ஒரு மனிதனின் ஆயுளில் அடைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததுதான், ஆர்தர் கதை எழுதியவர்கள் எல்லாருமே தங்கள் காலத்துக் கவசத்தைத்தானே அவருக்கு மாட்டிவிட்டார்கள். எனக்கு ஓகே.

சரி, மந்திரவாதிகளின் ஆட்டமான ஆர்ஸ் மாஜிகா. நான் பேசுவது 2004இல் வந்த ஐந்தாம் பதிப்பு பற்றி. களம் 1220ஆம் ஆண்டு ஐரோப்பா, நிஜ மன்னர்கள், நிஜ நகரங்கள், நிஜத் திருச்சபை, ஆனால் அந்தக் காலத்து மக்கள் நம்பியதெல்லாம் அப்படியே உண்மை. இந்த ஒரு வரிதான் புத்தகத்தின் அஸ்திவாரம். நிலவுக்கு மேலே உள்ள வானத்தை மந்திரத்தால் தொட முடியாது, ஏனென்றால் அந்தக் கால அறிவியல் அப்படித்தான் உலகத்தைப் பிரித்திருந்தது. ஒரு மந்திரம் நீடிக்கும் அளவுகளில் ஒன்று, சூரியன் தன் அகலத்தின் அளவுக்கு வானத்தில் நகரும் நேரம், சுமார் இரண்டு நிமிடம். கடிகாரம் இல்லாத உலகத்துக்கு ஏற்ற அளவு! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

மந்திரம் வினைச்சொல், பெயர்ச்சொல் மாதிரி. வினை ஐந்து: உண்டாக்கு, அறி, மாற்று, அழி, ஆளு. பொருள் பத்து: நெருப்பு, நீர், உடல், மனம், செடிகொடி என்று போகும். இரண்டையும் லத்தீனில் சேர்த்தால் மந்திரம். மறைந்துபோக வேண்டுமா, உன் உருவத்தை ‘அழி’க்க வேண்டும். ஆனால் புத்தகத்தில் இருக்கும் அந்த மந்திரத்தைப் போட்டாலும் நிழல் விழும்! எங்கள் ஆள் ஒருவன் இதைப் படிக்காமல் பட்டப்பகலில் மடத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டான்.

ஆளுக்கு ஒரு மந்திரவாதி, ஒரு துணைப் பாத்திரம், அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு காவலாளர் கூட்டம். இந்த வாரம் உன் மந்திரவாதி போகிறார் என்றால் நான் அவர் பின்னால் நடக்கும் குடிகாரக் காவலாளி. எங்கள் நல்ல செஷன்களில் பாதி அந்தக் காவலாளிகளால்தான். மந்திரவாதிகளுக்கோ வெளியே போகவே மனம் வராது, ஒரு பருவம் வெளியே போனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு பருவம் வீண். படிக்க நல்ல நூல் கிடைத்தால் போதும். நூல்களிலும் தரம் உண்டு, சில சின்ன நூல்களை ஒருவர் ஒருமுறைதான் படித்துப் பயன்பெற முடியும், அதனால் வேறு மந்திரவாதிகளின் கூட்டத்திடமிருந்து இரவல் வாங்குவதே பெரிய அரசியல் ஆகிவிடும்.

இங்கேதான் என் புகார். அந்த ஆய்வுக்கூடக் கணக்கு மேஜையில் உட்கார்ந்து போட ஏற்றதே இல்லை. ஒருதடவை இரண்டு மணி நேரம் நாலு பேரும் தலையைத் தூக்காமல் கூட்டல் கழித்தலில் இருந்தோம், ஐந்தாவது ஆள் அன்றைக்குப் பிறகு இந்த ஆட்டத்துக்கு வரவில்லை. பருவக் கணக்கை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கணக்கில் விருப்பம் இல்லாதவரை மந்திரவாதி ஆடச் சொல்லாதீர்கள், பாவம்.

மித்ராஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது வரலாற்றுப் புத்தகமே இல்லை, எந்தக் காலத்துக்கும் பொருத்திக்கொள்ளும் பொது விதிப் புத்தகம். சண்டைச் சுற்று ஐந்து விநாடி. உடம்பு ஏழு பகுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காயக் கணக்கு. எதிராளியைவிட நன்றாக உருட்டினால் ஒரு விசேஷ விளைவைத் தேர்ந்தெடுக்கலாம்: காலை வாரலாம், ஆயுதத்தைத் தட்டிவிடலாம், சரணடையச் சொல்லலாம். இந்தக் கடைசி ஒன்று போதும் எனக்கு. வழிப்பறிக்காரன் காலில் ஒரு வெட்டு வாங்கியதும் “விட்டுடுங்க” என்று உட்கார்ந்துவிடுகிறான், நிஜ மனிதன் அப்படித்தான் செய்வான். ஆனால் மூன்று வழிப்பறிக்காரர்களோடு ஒரு சண்டைக்கு ஒரு மணி நேரம் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டு மந்திரம், ஆவி வழிபாடு, தெய்வ வழிபாடு, சூனியம், தவம் என்று ஐந்து வகை மாயம் இருக்கிறது, ஐந்தையும் ஒரே ஆட்டத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம், உங்கள் களத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

இதன் மேல் போட்டுக்கொள்ள தனிப் புத்தகங்கள் உண்டு, அதில் பழைய பிரிட்டனைக் களமாகக் கொண்ட புத்தகத்தைப் பெண்டிராகன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அதே ஆர்தர்தான். இங்கே அவர் மன்னர்கூட இல்லை, ரோமர்கள் போய்விட்ட நாட்டில் படை நடத்தும் தலைவர், சுற்றிலும் சேறும் மரவேலியும். பெண்டிராகன் ஆர்தரை நம்பச் சொல்கிறது, இது அவரைச் சந்தேகப்படச் சொல்கிறது. ஐந்து விநாடிக் கணக்கில் பார்த்தால் எந்த வீரனும் அழுக்காகத்தான் தெரிவான் போல.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் பெண்டிராகனைச் சொல்வேன். ஸ்டாஃபோர்ட் 2018இல் காலமானார், அவர் கடைசிவரை திருத்திக்கொண்டிருந்த ஆறாம் பதிப்பின் முதன்மைப் புத்தகம் 2024இல் வந்தது, அதற்கு முன்பே 2023இல் ஒரு தொடக்கப் பெட்டியும் வந்திருந்தது, புதியவர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். மித்ராஸுக்கு இலவசச் சுருக்கப் பதிப்பு ஒன்று உண்டு, அதில் ஒரு சண்டை போட்டுப் பார்த்துவிட்டு முழுப் புத்தகத்தை வாங்கலாம். ஆர்ஸ் மாஜிகாவுக்கு மூன்று பேராவது விடாமல் வருவார்கள் என்று தெரிந்த பிறகு கை வையுங்கள், இல்லையென்றால் அலமாரியில்தான் இருக்கும். என்னிடம் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது.