மனநோயாளிக்கு மேல்முறையீட்டுக் கெடு கிடையாது என்று சொல்லும் வக்கீலை நம்பாதீர்கள்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். செஷன்ஸ் நீதிமன்றம் அவனுக்குச் சிறைத்தண்டனை விதித்ததும், சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போடுவதாகச் சொல்லி ஒரு வக்கீல் முழுப் பீஸையும் வாங்கிக்கொண்டார். மாதங்கள் ஓடின. கேட்கும்போதெல்லாம், "மனநிலை சரியில்லாதவருக்குக் காலவரம்பே கிடையாது அம்மா. குணமான பிறகு போட்டாலும் ஏற்றுக்கொள்வார்கள்" என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

பச்சைப் பொய். 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் அப்படியொரு சலுகை இருப்பது உண்மைதான். ஆனால் அது சிவில் வழக்குத் தொடுக்கவும், டிக்ரியை (சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணையை) நிறைவேற்றக் கோரவும் மட்டுமே. குற்றவியல் மேல்முறையீட்டுக்குச் செல்லாது. செஷன்ஸ் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள். மரண தண்டனை என்றால் வெறும் 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் காலம் இந்தக் கெடுவில் சேராது. கெடு தவறினால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். மன்னிப்பதும் மறுப்பதும் நீதிபதியின் கையில். தொழில் செய்கிற வக்கீலுக்கு இது தெரியாதா?

வழக்கு எண்ணைக் கேட்டால் மழுப்பினார். நீதிமன்ற வழக்கு விவரங்களைப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடினோம். தம்பி பெயரில் மேல்முறையீடே இல்லை. சண்டை போட்டுத்தான் கேஸ் கட்டைத் திரும்ப வாங்கினோம். தம்பிக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்து, சிறை அதிகாரியின் முத்திரையோடு வந்தது, ஸ்டாம்புகூட ஒட்டப்படாமல் அதற்குள் கிடந்தது. தம்பி கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதி, அடியில் அம்மாவின் பெயரையும் எழுதியிருந்தான்.

சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். காவலில் உள்ளவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இப்போது சட்ட உதவி வக்கீல் ஒருவர் தாமத மன்னிப்பு மனு போட்டிருக்கிறார். நோய் இருக்கிறது என்ற சான்றிதழ் மட்டும் போதாது என்றார். கெடு ஓடிய அந்த மாதங்களில் தம்பி எந்த நிலையில் இருந்தான் என்று காட்ட வேண்டுமாம். சிறை மருத்துவக் குறிப்பு, மாத்திரைச் சீட்டு என எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். ஒரு துண்டுச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள்.

பீஸை வங்கி வழியாகக் கொடுத்திருந்ததால் வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் பார் கவுன்சிலில் ஆதாரத்தோடு புகார் கொடுக்க முடிந்தது. உங்களிடமும் யாராவது இதே பதிலைச் சொன்னால், அன்றைக்கே வழக்கு எண்ணைக் கேளுங்கள். எண் வரவில்லையென்றால், கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு நேராக, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்விடுங்கள்.