வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற பெட்டி: சக்குரா கோய் பாக்கெட் வாட்டர்கலர்

வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, படமும் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்தச் சக்குரா கோய் பாக்கெட் பெட்டியைத்தான். என்னிடம் இருப்பது 12 வண்ணப் பெட்டி.

நேரமே இல்லை என்கிறோமே, அதில் பாதி எடுத்துவைக்கவும் கழுவிவைக்கவும் ஆகிற நேரம். மேசையை ஒழித்து, கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, பிரஷ்ஷைத் தேடி எடுப்பதற்குள் உலை வைக்கிற நேரம் வந்துவிடும். இந்தப் பெட்டியில் அந்தப் பாடே கிடையாது. மூடியைத் திறந்தால் கலர் கலக்கும் தட்டு தயார். அடியில் உள்ள வளையத்தில் விரலை நுழைத்துக்கொண்டால் நின்றுகொண்டே வரையலாம். பிரஷ் துடைக்க ஸ்பாஞ்சும் உள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றையும் விட அந்த வாட்டர் பிரஷ்தான் பெரிய உபகாரம். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பிக்கொண்டால் போதும், லேசாக அழுத்த அழுத்த முனைக்கு இறங்கி வரும்.

நான் வரைவது ஃபெர்ரியில். மலேசியாவின் பினாங்கில், கடலுக்கு இந்தக் கரையில் வீடு பட்டர்வொர்த், அக்கரையில் வேலை ஜார்ஜ்டவுன். 2023 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்த புதிய ஃபெர்ரிகளில் கார் ஏற்றுவதில்லை. அதனால் காரை இந்தக் கரையிலேயே போட்டுவிட்டு நடந்து ஏறுகிறேன், கை இரண்டும் சும்மா இருக்கிறது. 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) பத்துப் பதினைந்து நிமிடம் யாரும் கூப்பிடாத நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்துக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறது இந்தப் பெட்டி.

காலை மூட்டத்தில் பினாங்கு மலையைப் போட்டுப் பாருங்கள். நீலத்தோடு கொஞ்சம் பழுப்பு சேர்த்தால் நல்ல சாம்பல் வரும். அதை நிறையத் தண்ணீரில் கரைத்து, மலை முகட்டை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ஈரம் காயும் முன் பிரஷ்ஷைத் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரால் அடிவாரத்தைத் தடவினால் வண்ணம் கரைந்து மூட்டமாகவே நிற்கும். காய்ந்தபின் முன்னால் கொம்தார் என்கிற உயரமான கோபுரக் கட்டடம், அப்புறம் 1907-ல் கட்டிய ரயில்வே கட்டடத்தின் மணிக்கூண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள், "அந்த மணிக்கூண்ட விட்டுடாதம்மா" என்றார். அன்றிலிருந்து அதை விடுவதில்லை.

சில விஷயங்கள் தெரிந்து வாங்குங்கள். எந்த வாட்டர் பிரஷ்ஷும் அழுத்தம் கூடினால் ஒரு சொட்டு அதிகம் விடும். டிஷ்யூ கையில் இருக்கட்டும். பெட்டியில் வெள்ளை உண்டு, ஆனால் நான் அதைத் தொடுவதில்லை. வெளிச்சத்துக்குத் தாளையே விட்டுவைப்பதுதான் அழகு. தாளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். மெல்லிய தாள் இவ்வளவு தண்ணீருக்குச் சுருண்டுவிடும், நல்ல வண்ணமும் அதில் பாழ்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வண்ணக் கட்டிகளை ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து, ஃபேன் காற்றுப் படும்படி அலமாரி மேல் வைத்துவிடுகிறேன்.

வீட்டில் தனி மேசை போட்டுப் பெரிய தாளில் வரைகிறவர்களுக்கு இது தேவைப்படாது. அகலமாக வண்ணம் பூச இந்தச் சின்ன பிரஷ்ஷும் போதாது. பஸ்ஸிலும் ஃபெர்ரியிலும் கிளினிக் வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறவர்கள் 12 வண்ணமே வாங்குங்கள். கலக்கப் பழகிவிட்டால் 24 வண்ணப் பெட்டிக்கு அவசியமே வராது, கைப்பையிலும் இடம் மிஞ்சும்.