முதுமைக்கு எந்த வீடு: வாழ்ந்த வீடா, ஒட்டிய வீடா, பலர் கூடிய வீடா?

வயதான பெற்றோரின் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, விழாமல் இருப்பார்களா என்பதுதான். நியாயமான பயம். விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால் நான் இன்னொரு கேள்வியையும் அதே கனத்தோடு வைப்பேன். காலையில் கண்விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை, அந்த வீட்டில் அவர் தானாக முடிவெடுத்துத் தன் கையாலேயே செய்யக்கூடியவை எத்தனை?

வாழ்ந்த வீட்டைத் திருத்துவது, பிள்ளைகளின் வீட்டை ஒட்டிச் சிறிய வீடு கட்டுவது, முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புக்குப் போவது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இந்த இரு கேள்விகளையும் வைத்து உரசிப் பார்த்தால் என் முதல் வாக்கு வாழ்ந்த வீட்டுக்குத்தான்.

காரணம், உடம்புக்கு இருக்கும் நினைவு. நாற்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவரின் கை இருட்டிலும் ஸ்விட்சைத் தொடும். கால் படிகளை எண்ணாமலே எண்ணும். மறதிநோய் தொடங்கிய பிறகு புது இடத்தைப் பழகுவது மிகக் கடினம். பழைய இடமோ நெடுநாள் கைகொடுக்கும். ஆனால் அந்த வீடு முப்பது வயதுக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது. திருத்த வேண்டியவை நிறைய.

திருத்தம் பலிக்குமா என்பதை வாசலிலேயே அளந்து பார்த்துவிடலாம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12 என்ற சரிவை, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற அளவை, தாண்டக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. 150 மில்லிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் நீளம் போதும். தரைமட்டத்திலிருந்து 600 மில்லிமீட்டர் உயர்ந்த வீட்டுக்கு 7.2 மீட்டர் வேண்டும். அவ்வளவு இடம் வீட்டு முன்புறத்தில் இருக்கிறதா? இல்லாமல் செங்குத்தாக ஒரு சாய்தளத்தைப் போட்டுவைத்தால் அது படியைவிட ஆபத்தானது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது கால் வழுக்கும்.

அடுத்தது குளியலறை. பலரும் வழுக்காத டைல்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்தவரின் உடலே அதை அடைத்துக்கொள்ளும். காப்பாற்ற வந்தவர் வெளியே தவித்து நிற்பார். வெளியே திறப்பதாகவோ நகர்த்துவதாகவோ மாற்றுவது சிறிய வேலைதான். துண்டு தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வார் என்றும் நம்ப வேண்டாம். அது ஓர் ஆளின் எடையைத் தாங்காது. கைப்பிடிக் கம்பியைச் சுவரில் ஆழமாகப் பதிக்க வேண்டும். கழிப்பறை இருக்கை 430 முதல் 480 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் எழுந்திருப்பது எளிது. இருக்கைக்கும் தரைக்கும் ஒரே வெள்ளை நிறம் வேண்டாம். மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

வெளிச்சத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்கு அந்திப் பொழுது. அதற்காகக் கண்ணைக் குத்தும் விளக்கும் உதவாது. பளபளக்கும் தரையில் அது பட்டுத் தெறித்தால் தண்ணீர் கொட்டியிருப்பதுபோலத் தோன்றி நடையே தடுமாறும்.

என் தந்தைக்கு மாடி ஏற முடியாமல் போனபோது கீழே ஓர் அறை ஒழித்துக் கொடுத்தோம். படி இல்லை, குளியலறை பக்கத்திலேயே, எல்லாம் சரி. ஜன்னல் மட்டும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது. சில மாதங்களில் அவருடைய பேச்சு குறைந்தது. தெரு தெரியும் முன்னறைக்குக் கட்டிலை மாற்றிய பிறகு, யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று அவரே எங்களுக்குச் சொல்லத் தொடங்கினார். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வை நான் படித்தது அதற்கும் பிறகுதான். பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், மரங்கள் தெரியும் ஜன்னல் கிடைத்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. படுத்தபடியே வெளியே பார்க்கும் அளவுக்கு ஜன்னலின் அடிவிளிம்பைத் தாழ்த்துவது கைப்பிடிக் கம்பிக்குச் சற்றும் குறையாத அவசியம்.

எல்லாவற்றையும் மெத்தை போட்டு மூடிவிடுவதும் தவறு. ஜப்பானின் மிடாகாவில் 2005-இல் கலைஞர்களான அரகாவாவும் மேடலின் கின்ஸும் கட்டிய குடியிருப்பில் தரையே மேடுபள்ளமானது; உடம்பு சோம்பிவிடக் கூடாது என்பது அவர்கள் கருத்து. என் தாயை அங்கே குடிவைக்க மாட்டேன். ஆனால் உள்ளே இருக்கும் எண்ணத்தில் உண்மை உண்டு. சுற்றுப்புறம் மனிதரின் திறனுக்கு மிஞ்சிக் கேட்டாலும் கெடுதல், ஒன்றுமே கேட்காவிட்டாலும் கெடுதல் என்று முதுமையை ஆராய்ந்த லாட்டனும் நாஹெமோவும் 1973-இலேயே விளக்கியிருக்கிறார்கள்.

இரண்டாவது வழியான ஒட்டிய வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தனி வாசலும் சொந்த அடுப்பும் உள்ளே தாழிடும் உரிமையும் இருந்தால் மிக நல்லது. இவை இல்லாவிட்டால் அது வீடாகாது; விருந்தினர் அறை நீண்டு வளர்ந்ததுதான்.

மூன்றாவது வழியை முதியோர் இல்லம் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடக் கூடாது. நீண்ட நடைக்கூடத்தின் இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள், நடுவில் செவிலியர் மேசை என்ற மருத்துவமனை வடிவம் ஒன்று. அங்கே எழும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் கட்டடமே தீர்மானிக்கிறது. அதற்கு நேர் எதிராக, மருத்துவர் பில் தாமஸின் யோசனைப்படி 2003-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோவில் தொடங்கிய ‘கிரீன் ஹவுஸ்’ வீடுகளில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஒவ்வொருவருக்கும் தனியறை, தனிக் குளியலறை. நடுவில் திறந்த சமையலறையும் ஒரே நீண்ட மேசையும். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறந்த ஹோகெவெய்க், மறதிநோய் உள்ளவர்களுக்காகத் தெருவும் சதுக்கமும் கடையுமாகக் கட்டப்பட்டது. வெளி எல்லைக்குக் காவல் உண்டு. அதற்குள் எங்கே நடப்பது என்பது நடப்பவரின் விருப்பம். அதே நாட்டின் டெவென்டரில் ஹ்யூமானிடாஸ் இல்லம் மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுத்து, பதிலுக்கு மாதம் 30 மணி நேரம் முதியவர்களோடு கழிக்கச் சொல்கிறது. இந்த மூன்றில் எதுவும் கிடைக்குமானால், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் தனித்து அடைபட்டிருப்பதைவிட அதுவே நூறு மடங்கு மேல்.

வாசல் சாய்தளத்துக்கு இடம் தருகிறது, கட்டிலுக்கு அருகில் குளியலறை அமைக்க முடிகிறது, ஜன்னலில் மனித நடமாட்டம் தெரிகிறது என்றால் வாழ்ந்த வீட்டிலேயே இருக்கட்டும். இவற்றில் இரண்டு கைகூடாவிட்டால் மாறுவதுதான் சரி. ஆனால் இடுப்பெலும்பு முறிந்த மறுவாரம் மருத்துவமனையிலிருந்து நேரே புது வீட்டுக்குக் கொண்டுபோவதைப்போலக் கொடுமை இல்லை. புது வீட்டின் ஸ்விட்சுகளையும் படிகளையும் உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளும் தெம்பு இருக்கும்போதே மாற வேண்டும். எந்த அறை தனக்கு என்பதையும் அவரே நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.